தொண்டைப் பங்கு

போஸ்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் ரோஸாலியாவுக்கு முடி வெட்டும்போது நான் அவள் காது மடலையும் கத்தரியால் வெட்டிவிட்ட அன்றுதான் எனக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று ஊர் ஒத்துக்கொண்டது. அதுவரைக்கும் எல்லாரும் என்னைப் பார்த்துப் பொறாமைதான் பட்டார்கள். முடி வெட்ட வந்த ஒருத்தி பாக்கியில்லாமல் கண்ணாடியில் என் இடுப்பைப் பார்த்துவிட்டு, "கிங்கா, என்னடி சாப்பிடுற? எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டாள். நான் என்ன சாப்பிட்டேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

ரோஸாலியா நல்லவள். ரத்தத்தைத் துண்டால் அழுத்திக்கொண்டு, "பரவாயில்ல, இன்னொரு காது இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இரண்டு கைகளும் என் பேச்சைக் கேட்காமல் தந்தியடித்துக்கொண்டிருந்தன. இலையுதிர் காலத்தில் வாங்கிய பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு, யாரோ துரத்துவதுபோல் அடித்தது. வெளியே பனி கொட்டுகிற ஜனவரியில் எனக்கு மட்டும் கழுத்து வியர்த்தது. வாயைத் திறந்தால் எரிச்சல்தான் வந்தது. சாதாரணமாகவே எனக்குக் கோபம் கொஞ்சம் தூக்கல். அந்தக் குளிர்காலத்தில் உலை மூடி பறந்துவிட்டது.

என் கணவன் பாலிந்த் ஆஸ்திரியாவில் கட்டட வேலை செய்கிறான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை வருவான். நான் இங்கே அவனுடைய அப்பா அம்மாவோடு, அவர்கள் வீட்டு முன்னறையிலேயே முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். மாமனார் தெஜோ பன்றி அறுப்பவர். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு பன்றி அறுப்பார்கள். விடியும் முன்பே மாமாவைக் கூப்பிட்டு, கையில் ஒரு குவளை பழச்சாராயம் கொடுத்து, கத்தியை எடுக்கச் சொல்வார்கள். கூலி தனி. அதோடு அறுத்த பன்றியின் தொண்டைக் கறி முழுக்க அறுப்பவருக்குச் சொந்தம். அது மாமாவின் தாத்தா காலத்து உரிமை, கேட்காமலே அவர் வாளியில் விழும். அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் அறுப்பவர் இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டதால் மூன்று ஊர்ப் பன்றியும் மாமாவின் கத்திக்குத்தான் வந்தது. வாளி நிரம்பி வழிந்தது.

அந்தக் கறியை என் மாமியார் எதெல்கா அரைத்து, பூண்டும் பாப்ரிகா மிளகாய்த் தூளும் போட்டு உருண்டை பிடித்துப் பொரிப்பார். நான் இளைக்க இளைக்க என் தட்டில் உருண்டை கூடிக்கொண்டே போனது.

"சாப்பிடுடி, எலும்பு தெரியுது. ஊர்ல என்னைத்தான் பேசுவாளுங்க, மருமகளைப் பட்டினி போடுறான்னு."

"அத்தை, இதோட எட்டாவது."

"எட்டுதானே. தெஜோ பன்னெண்டு திம்பாரு."

எனக்கும் பசி அப்படி இருந்தது. தின்றேன். இன்னும் இளைத்தேன்.

நகரத்து ஆஸ்பத்திரியில் தைராய்டுக்குத் தனியாக ஒரு பகுதி இருந்தது. அதன் காத்திருக்கும் அறையை நான் மறக்க மாட்டேன். ஒரே ஒரு ஜன்னல், இருபது பெண்கள். பாதிப் பேர் கோட்டும் சால்வையும் கம்பளித் தொப்பியுமாக வீங்கிய முகத்தோடு உட்கார்ந்து, "மூடுங்கம்மா, எலும்புல இறங்குது" என்று முனகினார்கள். மறு பாதி ரவிக்கைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டு, "திறங்க, செத்துடுவேன் போல" என்று சீறினார்கள். ஜன்னல் திறந்தது, மூடியது, திறந்தது. நான் நேராகப் போய்த் திறக்கும் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

டாக்டர் ஹர்கிதாய் ஒல்லியான நடுவயதுப் பெண், பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது. என் கழுத்தைப் பின்னாலிருந்து தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்து விழுங்கச் சொன்னார்.

"இங்க, குரல்வளைக்குக் கீழ, ஒரு சுரப்பி இருக்கு. வண்ணத்துப்பூச்சி மாதிரி ரெண்டு பக்கமும் றெக்கை. உடம்பு எவ்வளவு வேகத்துல ஓடணும்னு சொல்றது அதோட வேலை. கம்மியா சுரந்தா எல்லாம் மெதுவாகும். குளிரும், எடை போடும், மறதி வரும், மலம் இறங்காது. அதிகமா சுரந்தா நடுக்கம், வேர்வை, தூக்கமில்ல, இதயம் ஓடும். வெளிய ஜன்னலுக்கு அடிச்சுக்கறாங்களே, பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன். நான் திறக்கற கட்சி."

"உங்க ரத்தமும் அதைத்தான் சொல்லுது."

சுரப்பியை அடக்க மாத்திரை கொடுத்தார். காலையும் மாலையும் ஒழுங்காக விழுங்கினேன். பிப்ரவரி பிறந்தும் ஒரு துளி மாற்றமில்லை. நெஞ்சு அதே ஓட்டம்தான் ஓடியது. கடைசியில் டாக்டர், கதிரியக்க அயோடின் கொடுத்துச் சுரப்பியை எரித்துவிடலாம், பிறகு ஆயுள் முழுக்கத் தினம் ஒரு மாத்திரை போதும் என்றார். அதற்கு முன்னால் கழுத்தை ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முடிவு சொல்லும் நாளன்று பாலிந்த் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என் கையைக்கூடப் பிடித்திருந்தான்.

டாக்டர் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

"சுரப்பி வேலை செஞ்சா இங்க பளிச்சுனு தெரியணும். உங்களுக்கு இருட்டா இருக்கு. உங்க சுரப்பி தூங்குது. அது வேலை செய்யும்போது ரத்தத்துல ஒரு புரதம் கசியும், அதுவும் உங்ககிட்ட இல்லாத மாதிரிதான். ஆனா ரத்தத்துல ஹார்மோன் மட்டும் நிறைய ஓடுது."

"அப்படின்னா?" என்று கேட்டேன்.

"அது உங்க கழுத்துலேருந்து வரல. வெளியிலேருந்து வருது. வாய் வழியா." கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கிங்கா, நான் திட்ட மாட்டேன். இளைக்கறதுக்காகத் தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்களை வருஷத்துக்கு நாலு பேரைப் பார்க்கறேன். எத்தனை சாப்பிடறீங்க?"

அவர் வேறு யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. பாலிந்தின் கை என் கையைவிட்டு மெல்ல நகர்ந்துபோனது. அதை நான் பார்க்கவில்லை, உணர்ந்தேன். அதுதான் முதல் அடி. டாக்டர் சொன்னதுகூட இரண்டாவதுதான்.

"நான் எதுவும் சாப்பிடல," என்றேன்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க," என்றார் டாக்டர், அதட்டாமலே.

காரில் திரும்பும்போது, கோரோஷ் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் பாலிந்த் ஆரம்பித்தான்.

"யாருக்காக இளைக்கற?"

"என்னது?"

"நான் அங்க சிமென்ட் மூட்டை தூக்கறேன். நீ இங்க இடுப்பைக் குறைச்சுட்டு நிக்கற. யாருக்குன்னு கேக்கறேன்."

"வண்டியை நிறுத்து."

"நிறுத்தினா என்ன பண்ணுவ?"

"உன்னை அறைவேன். ஓட்டிக்கிட்டிருக்கும்போது அறைஞ்சா ரெண்டு பேரும் ஆத்துல விழுவோம்."

அவன் நிறுத்தவில்லை. அவனுக்குப் பயமும் இருந்தது, நான் மறுக்கவில்லை. கூட வேலை செய்பவன் ஒருவனின் மனைவி இப்படி மாத்திரை தின்று இதயம் நின்று செத்தாளாம். அந்தப் பயத்தை அவன் பயமாகவே சொல்லியிருந்தால் நான் அவன் தோளில் சாய்ந்து அழுதிருப்பேன். அவன் போலீஸ்காரன்போல் கேள்வி கேட்டான்.

வீடு வந்ததும் அத்தையிடம் சொல்லிவிட்டான். அடுத்த வாரம் முழுக்க அந்த வீட்டில் நான் திருடியாக இருந்தேன். அத்தை என் துணி அலமாரியைக் குடைந்தார். மாவு ஜாடிக்குள் கைவிட்டுப் பார்த்தார். கடையில் முடிச்சாயப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து குலுக்கியதை நானே பார்த்தேன்.

"என்ன தேடறீங்க அத்தை?"

"ஒண்ணுமில்ல. தூசி தட்டறேன்."

"உள்ளே இருக்கற தூசியையா?"

அவர் முகம் சிவந்தது, ஆனால் கை நிற்கவில்லை. மதியம் அதே கையால் எனக்கு உருண்டை வைத்தார். சந்தேகமும் வேண்டும், நான் சாப்பிடவும் வேண்டும். ஊரும் சும்மா இருக்குமா? முடி வெட்ட வந்த ஒருத்தி, நான் கழுத்தில் துணி கட்டித் தலையை நனைத்ததும், "அந்த மாத்திரை என்ன விலை?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் ஈரத் தலையோடு அவளை வெளியே அனுப்பிவிட்டேன். பனியில் அப்படியே போனாள். அதற்கு இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

பாலிந்த் அடுத்த முறை வந்தபோது கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான். "ஈஸ்டர் வரைக்கும் டைம். எங்க வச்சிருக்க, யார்கிட்ட வாங்கறன்னு சொல்லிடு. இல்லன்னா நான் ஆஸ்திரியாவுலயே வீடு எடுத்துக்கறேன். தனியா."

மேசையில் எல்லாரும் இருந்தோம். அவனுக்கு அவன் அம்மா கோழி சூப்பும் அடைத்த முட்டைகோஸும் வைத்திருந்தார். தொண்டைக் கறி அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. மாமா தன் உருண்டைகளை மென்றுகொண்டே நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

"பொண்ணு திங்கலைன்னா திங்கல."

"அப்பா, படத்துல தெரியுது."

"படம் இந்த வீட்டுல இருக்கா? நான் இருக்கேன். தினம் எதிர்ல உக்காந்து திங்கறேன். அவ பொய் சொல்ற ரகமில்ல, மூஞ்சிக்கு நேரா சண்டை போடற ரகம். அடுத்த தடவை டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

மாமா சாதாரணமாக நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். அன்று எனக்காக அவ்வளவு பேசினார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சொன்னபடியே கூட்டிப்போனார். தன் நல்ல தொப்பி, சர்ச்சுக்குப் போடும் கறுப்புக் கோட்டு. காத்திருக்கும் அறையில் அன்றைக்கும் ஜன்னல் சண்டை. குளிர்க் கட்சியின் கை ஓங்கி, ஜன்னல் மூடியிருந்தது. மாமா கோட்டைக் கழற்றினார். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு எழுந்துபோய், பெண்கள் கத்தக் கத்த ஜன்னலை விரியத் திறந்துவிட்டு, சட்டையோடு பனிக்காற்றில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து டாக்டர் என் பெயரைக் கூப்பிடக் கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்தார்.

"இவர் யாரு?"

"என் மாமனார்."

"ஐயா, கையைக் கொஞ்சம் முன்னால நீட்டுங்க. விரலை விரிச்சு."

மாமா நீட்டினார். கத்தி பிடித்தால் மலைபோல் நிற்கும் கை, நடுங்கியது. என் கை நடுங்கிய அதே நடுக்கம்.

"வயசாச்சு டாக்டரம்மா. கொஞ்சம் சாராயமும் உண்டு," என்றார் மாமா.

டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். மாமாவுக்கு ரத்தம் எடுத்தார்கள், இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். மறுநாள் அத்தையையும் அழைத்து வரச் சொல்லி அவருக்கும் எடுத்தார்கள். அத்தை தன் வியர்வையும் படபடப்பும் தீட்டு நிற்கிற வயதால் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

முடிவு வந்த அன்று டாக்டர் எங்கள் மூவரையும் வரிசையாக உட்கார வைத்தார்.

"மூணு பேருக்கும் ஒரே மாதிரி. ஒரே வீட்டுல மூணு பேரும் ரகசியமா மாத்திரை சாப்பிட மாட்டாங்க. கிங்கா, நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க." என் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கேள்வி கேட்டார். "உங்க மகன் நல்லா இருக்காரா?"

"குத்துக்கல்லாட்டம்," என்றார் அத்தை.

"நீங்க மூணு பேரும் சாப்பிடறது, அவர் சாப்பிடாதது எது?"

"தொண்டைக் கறி," என்றார் மாமா உடனே. "அறுக்கறவன் பங்கு."

டாக்டர் மெதுவாக எழுந்து நின்றார். "எப்படிச் சமைப்பீங்கன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம."

அத்தைக்கு அவமானமாக இல்லை, பெருமையாகத்தான் இருந்தது. "போன வருஷம் வரைக்கும் கையால சுத்தற மெஷின். மூச்சுக் குழலைப் போட்டா சிக்கிக்கும். அதனால சதையை மட்டும் வழிச்சுட்டுக் குழலோட மிச்சத்தை நாய்க்குப் போடுவேன். இப்ப மகன் ஆஸ்திரியாவுலேருந்து கரண்ட் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கான். எலும்பைப் போட்டாலும் அரைக்கும். ஒண்ணும் வீணாகறதில்ல. குழலோட அப்படியே போட்டுடறேன்."

"குழல் மேல ஒட்டினாப்ல ஒரு கருஞ்சிவப்புக் கட்டி இருக்குமே?"

"இருக்கும்," என்றார் மாமா. "ஈரல் மாதிரி. அதுல என்ன?"

"அதுதான் பன்றியோட தைராய்டு."

டாக்டர் என் கழுத்தில் தொட்ட அதே இடத்தைத் தன் கழுத்தில் தொட்டுக் காட்டினார். "இங்க நமக்கு இருக்கறது அங்க அதுக்கு இருக்கு. நமக்குச் சுரக்கற அதே சரக்குதான். எத்தனை நேரம் வறுத்தாலும் போகாது. அந்தக் காலத்துல தைராய்டு மாத்திரையையே பன்றிச் சுரப்பியைக் காயவச்சுத்தான் செஞ்சாங்க. மூணு ஊர்ப் பன்றியோட சுரப்பியையும் நீங்க மூணு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கீங்க."

இல்லாத மாத்திரைக்காக என் உள்பாவாடை மடிப்பைக்கூட விடாமல் தேடினார்களே, அந்தச் சரக்கு தினமும் மேசை நடுவில், வாழ்த்துச் சொல்லி, முட்கரண்டியோடு வைக்கப்பட்டிருந்தது. அத்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து, "எட்டு உருண்டை வச்சேனே, ஒன்பது வச்சேனே" என்று மட்டும் சத்தம் வந்தது. மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"அப்போ போத்ரி," என்றார்.

போத்ரி எங்கள் நாய். குளிர்காலம் வந்தால் அதற்குப் பைத்தியம் பிடிக்கும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். விலா எலும்பு தெரிய, முற்றத்தை நாள் முழுக்க வட்டமடித்து ஓடும். இந்தக் குளிர்காலத்தில்தான் கொழுத்து, அடுப்புப் பக்கம் சாதுவாகப் படுத்திருந்தது. வயசாகி அடங்கிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்தோம்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அடக்கிக்கொண்டார், நல்ல மனுஷி. மாமாவுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பியிருப்பதாகவும், இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் மூளைக்கு ரத்தக்கட்டி ஏறியிருக்கலாம் என்றும் சொன்னபோது அந்தச் சிரிப்பு சுத்தமாகப் போய்விட்டது. எனக்குச் சுரப்பியை எரிக்க வேண்டாம், கறியை நிறுத்தினால் போதும், அது தானாக விழித்துக்கொள்ளும் என்றார். எரித்திருந்தால் ஒரு குறையும் இல்லாத சுரப்பியைச் சாகடித்திருப்போம் என்று அவரே சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாமா ஐஸ் பெட்டியைக் காலி செய்து, கொல்லையில் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார். மேலே சுண்ணாம்பு கொட்டினார். அத்தை இரண்டு நாள் அடுப்புப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் என் அறைக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "உன் பெட்டியைக் குடைஞ்ச கை இது" என்று கையை என் முன்னால் நீட்டினார். அடிக்கச் சொல்கிறாரா, பிடிக்கச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

பாலிந்துக்கு டாக்டரே போன் செய்து சொன்னார். அவன் எனக்குப் போன் செய்யவில்லை. நேரில் வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான்.

ஈஸ்டர் திங்களன்று வந்தான். அந்த நாளில் எங்கள் ஊர் ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்கள் தலையில் வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். வாசலில் நின்று, பெண்ணைப் பூவாகப் பாவித்து, "வாடாம இருக்கத் தண்ணி தெளிக்கலாமா?" என்று கேட்பது வழக்கம். பெண்கள் தலையைக் குனிந்து, தெளித்ததும் வர்ணம் பூசிய முட்டை கொடுப்பார்கள். அதற்குள் என் நெஞ்சு அடங்கி, கையில் கத்தரி நிற்க ஆரம்பித்திருந்தது.

பாலிந்த் பயணப் பையை உள்ளே வீசிவிட்டு, வாசலிலேயே நின்று அம்மாவைப் பார்த்துக் கத்தினான். "ஏம்மா, உங்களுக்கு அறிவு வேணாம்? குழல், கட்டி எல்லாத்தையும் போட்டு அரைச்சு என் பொண்டாட்டிக்கு விஷம் வச்சிருக்கீங்க. அப்பா செத்திருந்தா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். முற்றத்து நாற்காலியில் இருந்த மாமா எழுந்திருக்கப் பார்த்தார், இதயம் இன்னும் தேறாததால் முடியவில்லை. பாலிந்த் என் பக்கம் திரும்பியதும் குரலைக் குழைத்தான். சட்டைப் பையிலிருந்து வாசனைப் புட்டியை எடுத்தான்.

"எல்லாம் முடிஞ்சு போச்சு கிங்கா. டாக்டர் சொன்னாங்க, உன் மேல தப்பில்லைன்னு. இப்ப நான் நம்பறேன்."

"நான் சொன்னப்ப?"

"நீ சொன்னப்ப... எப்படி நம்பறது, நீயே சொல்லு. படத்துல இருந்துச்சே."

"மாமாவும் அதே படத்தைப் பத்தித்தான் கேள்விப்பட்டார்."

அவன் சிரிக்க முயன்று, புட்டி மூடியைத் திருகி, சின்னப் பையன்போல் அந்தக் கேள்வியைக் கேட்டான். "வாடாம இருக்கத் தண்ணி தெளிக்கலாமா?"

"வேண்டாம்," என்றேன்.

அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதில் உண்டு என்பதே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. பாலிந்த் புட்டியைத் தூக்கிய கையோடு நின்றான். எனக்கே என் குரல் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சொன்னபிறகு நிறுத்த முடியவில்லை.

"போன மாசம் நான் கெட்டவ. இன்னைக்கு உங்க அம்மா. அடுத்தது யாரு? நீ ஆஸ்திரியாவுல தனி வீடு எடுக்கறேன்னு சொன்ன இல்ல, எடுத்துக்க. நான் இங்கதான் இருப்பேன். என் கடை இங்க இருக்கு. என்னை நம்பின ஆளும் இங்கதான் இருக்கார்."

"இது என் வீடு," என்றான்.

அப்போதுதான் அத்தை நகர்ந்தார். உள்ளே போனார். என்னைத்தான் திட்டப்போகிறார், பெற்ற மகன் அல்லவா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வந்தபோது கையில் பாலிந்தின் பயணப் பை இருந்தது. அதை அவன் காலடியில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.